ஊறுகாய்ப்புல்லுக்கான கலப்பு மேய்ச்சல் நிலம்

புல்லினங்களோடு பயறினங்களும் ஆழ வேரூன்றும் பிற பூண்டுகளும் கலந்து வளரும் நிலத்தை உரிய பருவத்தில் அறுத்து, காற்றுப் புகாத குழியில் அமுக்கிப் புளிக்கவைத்து, பசுந்தீவனம் கிட்டாத மாதங்களுக்கெனச் சேமிக்கும் முறை, கறவை மாடு வளர்ப்போர் அறிந்திருக்க வேண்டிய கலைகளுள் முக்கியமானது. இவ்வாறு பதப்படுத்திய தீவனம் ஊறுகாய்ப்புல் எனவும் சைலேஜ் எனவும் வழங்கும். தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற பிரதேசங்களுள் ஒன்று, கர்நாடக எல்லையில் ஓசூர் மாநகராட்சியைச் சேர்ந்த ஜூஜுவாடியும், அதனைச் சூழ்ந்த பாகலூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளும் அடங்கிய மேட்டுநிலமாகும்.

பிரதேச இயல்பு: கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்து மிதமான சீதோஷ்ணம் வாய்த்த இந்நிலம் கால்நடை வளர்ப்பில் நெடிய சரித்திரம் உடையது. ஓசூரை அடுத்த மத்திகிரியில், படைக்குதிரைகளை வளர்க்கும் பொருட்டு ஆங்கிலேயர் 1824இல் நிறுவிய பண்ணை, பின்னர் மாட்டுப் பண்ணையாக மாறி, 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடன் இன்றும் அரசின் கால்நடைப் பண்ணையாக விளங்குகிறது. மழை செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மிகுந்து, பின்னர் கோடை வறட்சிக்கு இடம் தருகிறது. தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகியதால் மேய்ச்சற் புறம்போக்குகள் சுருங்கி, ஓசூரும் பெங்களூரும் வேண்டும் பாலின் அளவோ நாளுக்கு நாள் உயர்ந்துவரும் நிலையில், மழைக்காலத்து மிகுதியைக் கோடைக்கு எடுத்துவைப்பது இங்குள்ள சிறு விவசாயிக்கு அத்தியாவசியம் ஆகிறது.

கலப்பின் மரபு: ஒரே நிலத்தில் பல பயிர்களை வளர்ப்பது இவ்வூராருக்குப் புதிதன்று. கேழ்வரகின் நடுவே அவரை, துவரை, கடுகு, பேயெள்ளு, சோளம் ஆகியவற்றைச் சால்விட்டு விதைக்கும் ‘அக்கடி’ முறை எல்லையின் இருபுறத்தும் பழைமையானது. மேனாட்டில் பலவகைப் பூண்டுகள் கலந்த மேய்ச்சல் நிலத்தைச் சிறப்பாக ஆராய்ந்தவர் ராபர்ட் எலியட் ஆவார். மைசூர்ச் சீமையில் காப்பித் தோட்டம் நடத்தி, அவ்வனுபவங்களை 1871இல் நூலாகவும் வெளியிட்ட அவர், ஸ்காட்லாந்திலுள்ள தம் கிளிப்டன் பார்க் பண்ணையில், புற்களோடும் பயறினங்களோடும் சிக்கரி முதலிய ஆழவேர்ப் பூண்டுகளைச் சேர்த்து விதைத்து, அவ்வேர்கள் அடிமண்ணின் இறுக்கத்தைத் தளர்த்தி நிலத்தை வளப்படுத்துவதை 1898இல் வெளியான மற்றொரு நூலில் விவரித்தார்.

தாவரங்கள்: ஓசூர்ப் பகுதியில் கொழுக்கட்டைப் புல்லை அடிப்படையாகக் கொண்டு, குதிரைமசால், முயல்மசால், சங்குபுஷ்பம், தீவனத் தட்டைப்பயறு ஆகியவற்றை இடையிடையே விதைத்து, வேலிமசாலைத் தனி வரிசைகளில் அமைக்கலாம். புல் மாவுச்சத்தையும் நாரையும், பயறினங்கள் புரதத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் தரும். பயறினங்களின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துவதால் யூரியாச் செலவும் குறையும். கம்பு நேப்பியர் போன்ற நெடிய புல் மற்றவற்றை நிழலால் ஒடுக்கிவிடுமாதலின், அதனை வரப்போரத்தில் வளர்த்து, குழியில் மட்டும் கலந்துகொள்வது உசிதம்.

அறுவடை: கலப்பு நிலத்தின் பெருங் கஷ்டம் யாதெனில், அதிலுள்ள செடிகள் யாவும் ஒரே நாளில் பருவத்துக்கு வருவதில்லை. புல்லின் எடை பெருகட்டுமெனக் காத்திருப்பவன் பயறினங்களின் இலைகளை உதிரக்கொடுத்து வெறும் தண்டை வீட்டுக்குக் கொண்டுவருகிறான். ஆகையால் பயறினங்கள் பூக்கத் தொடங்கி, புல் கதிர் தள்ளும் சமயமே அறுவடைக்கு உகந்தது. தரையிலிருந்து 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அடித்தண்டை விட்டு அறுத்தால், மறுதழைப்பும் விரைவாகும், மண்ணும் தீவனத்தில் சேராது. வேலிமசாலை அரை மீட்டர் உயரத்தில் அறுப்பதே முறை. ஆண்டுதோறும் நிலத்தின் ஒரு பகுதியை அறுக்காமல் விட்டு விதை முற்றி உதிர இடந்தராவிடில், மென்மையான இனங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, முடிவில் புல் ஒன்றே எஞ்சும்.

பதப்படுத்தல்: அறுத்த தீவனத்தில் ஈரம் 80 சதவீதம் வரை இருக்குமாதலின், மழையில்லாத நாள் பார்த்து அறுத்து, அரைநாள் வெயிலில் வாடவிட்டு, ஈரத்தை 65 முதல் 70 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கைப்பிடியில் இறுகப் பிழிந்தால் சாறு சொட்டாமலும், விட்டவுடன் சட்டென உதிராமலும் இருப்பதே பதம். பின்னர் 2 முதல் 3 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, குழியில் அடுக்கடுக்காக இட்டு மிதித்துக் காற்றை வெளியேற்றி, தார்ப்பாயால் மூடி மண் பரப்ப வேண்டும். காற்றற்ற நிலையில் லாக்டிக் அமிலக் கிருமிகள் சர்க்கரையைப் புளிக்கவைத்து, அமிலகாரக் குறியீட்டை 4 அளவுக்கு இறக்குவதால் அழுகல் தடுக்கப்படுகிறது. பயறினங்களில் சர்க்கரை குறைவாகவும் அமிலத்தை எதிர்க்கும் தன்மை மிகுதியாகவும் இருப்பதால், அவை மிகுந்த கலப்புக்கு டன்னுக்கு 20 கிலோ வெல்லப்பாகு சேர்ப்பதோ, பால்பிடித்த மக்காச்சோளத்தைக் கலப்பதோ அவசியமாகிறது. இத்தகைய தீவனத்தை நேரே அமிலம் சேர்த்துக் காக்கும் உபாயத்தைக் கண்ட பின்லாந்து விஞ்ஞானி விர்த்தனேனுக்கு 1945ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

சுமார் 45 நாளில் தீவனம் பயனுக்கு வரும். மஞ்சள் கலந்த பச்சை நிறமும் இனிய புளிப்பு மணமும் நற்குறிகள். கருமையும் நாற்றமும் பூஞ்சணமும் கண்ட பகுதியை எறிந்துவிடுதல் வேண்டும். தினம் 5 கிலோவில் தொடங்கிப் பழக்கி, கறவைப் பசுவுக்கு 15 முதல் 20 கிலோ வரை தரலாம். பாலில் மணம் ஏறாதிருக்கக் கறந்த பின்னரே இடுவது வழக்கம்.

எச்சரிக்கை: தரிசுகளிலும் சாலையோரங்களிலும் மண்டியுள்ள பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் நிலத்தில் புகுந்தால், பூக்குமுன் வேரோடு களைய வேண்டும். அக்கடிச் சாலில் ஆமணக்கு நின்றால் அதனைத் தீவனத்தில் சேர்க்கலாகாது. வறட்சியில் வாடிய இளஞ்சோளம் சயனைடு நஞ்சு உடையதாதலின் பூக்கும்வரை அதனை அறுக்கக் கூடாது.

பலவகைச் செடிகளை விதைப்பது எளிது. அவற்றின் பன்மையை ஆண்டுக்கு ஆண்டு காப்பது அரிவாள் பிடிப்பவனின் பொறுமையிலேயே உள்ளது. சில வண்டிப் புல்லை அதிகமாகப் பெறும் ஆசையை அடக்கி, பூக்கும் பருவத்தில் அறுத்து, உயரமாக அடித்தண்டு விட்டு, ஒரு பங்கை விதைக்கு ஒதுக்கும் விவசாயியே, சுருங்கிவரும் இவ்வெல்லை நிலத்தில் கோடைக்கும் பால் தரும் மாட்டை வளர்க்க வல்லவன்.