சாவகன் எந்த ஊர்க்காரன்?

வடநாட்டில் குடியிருக்கும் நமக்குப் பெயர்க் குழப்பம் புதிதல்ல. நெல்லூர்க்காரர், பாலக்காட்டுக்காரர், மைசூர்க்காரர் எல்லோரும் இங்கே ஒட்டுமொத்தமாக 'மதராசி'தான். 1969-இல் மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று, 1996-இல் நகரமும் சென்னை ஆயிற்று. அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. நமக்குக் கோபம் வருகிறது, நியாயம்தான். ஆனால் நம் முன்னோர்களும் கடல் கடந்த நாட்டாரை இப்படித்தான் ஒரே பெயரில் கட்டிப்போட்டார்கள்.

சாவகம் என்ற பெயரையே பாருங்கள். மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறவி எடுத்து ஆள்வது சாவக நாட்டில், தலைநகர் நாகபுரம். சட்டென்று 'ஜாவா' என்று எழுதிவிடுவது நம் வழக்கம். ஒலி ஒத்துப் போகிறதே, வேறென்ன வேண்டும்! ஆனால் இடைக்காலப் பயணிகளிடம் ஜாவா என்ற பெயர் ஒரு தீவுக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. 1292 வாக்கில் சுமத்ராவில் தங்கிய மார்க்கோ போலோ அதைச் 'சின்ன ஜாவா' என்கிறார். சொல்லப்போனால் ஜாவாவைவிட சுமத்ரா மூன்று மடங்குக்கும் மேல் பெரியது! 14-ஆம் நூற்றாண்டில் வந்த இபின் பதூதாவோ சுமத்ராவையே ஜாவா என்கிறார். சுமத்ராச் சாம்பிராணிக்கு அரபு வணிகர் வைத்த பெயர் 'லுபான் ஜாவி'. சுமத்ரா என்பதும் தீவின் வடக்கே இருந்த சமுத்ரா என்ற துறைமுக அரசின் பெயர்தான். போர்னியோ என்பது புரூணையின் திரிபு. கப்பல் நின்ற துறையின் பெயரை நாடு முழுவதற்கும் சூட்டிவிடுவது மாலுமிகள் பழக்கம்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பாண்டியர் வரலாற்றில் நஷ்டம் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் ஈழத்தில் சாவகனை வென்று முடியும் தலையும் கொண்டதாக அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. இதை வைத்துக்கொண்டு பாண்டியன் ஜாவா மன்னனையே வென்றான் என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சாவகன் யார்? சந்திரபானு. 1247-இல் படையோடு இலங்கையில் இறங்கியவன். சூளவம்சமும் அவனை 'ஜாவகன்' என்றே சொல்கிறது. அவனுடைய 1230-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சையா என்ற ஊருக்கு உரியது. அவன் நாடு தாம்பிரலிங்கம். இரண்டும் இன்றைய தாய்லாந்தின் தென்பகுதி. ஜாவா அங்கிருந்து 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், தாம்பிரலிங்கம் தமிழனுக்குத் தெரியாத ஊர் அல்ல. 1025-இல் கடல் கடந்து படை அனுப்பிய இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அதை 'மாதமாலிங்கம்' என்று தனியாகவே குறிப்பிடுகிறது. ஸ்ரீவிசயம், மலையூர், இலங்காசோகம், தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று துறை துறையாகப் பெயர் சொல்லும் அந்தப் பட்டியலில் சாவகம் என்ற பொதுப்பெயரே இல்லை. ஊர் ஊராகப் போய் வந்தவர்களுக்கு ஊர்ப் பெயர் தெரிந்திருந்தது. வந்தவனை ஈழத்தில் எதிர்கொண்டவர்களுக்குப் பொதுப்பெயர் போதுமாயிருந்தது. இது என் கருத்து.

சோழர் ஆவணத்திலும் சிக்கல் இல்லாமல் இல்லை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த பெரிய லெய்டன் செப்பேட்டில், வடமொழிப் பகுதி விகாரம் எடுத்த அரசனை ஸ்ரீவிஷயத்தின் அதிபதி, கடாகத்தையும் ஆள்பவன் என்கிறது. தமிழ்ப் பகுதிக்கு அவன் வெறும் 'கிடாரத்தரையன்'. ஸ்ரீவிஷயம் சுமத்ராவின் பலெம்பாங். கிடாரம் மலேசியாவின் கெடா. வங்கக் கடலைத் தாண்டினால் நம் வணிகருக்கு முதலில் தட்டுப்படும் வாசல் கெடா. ஆகவே அரசனுக்கே வாசலின் பெயர்! பின்னாளில் கடாரத்தைப் பர்மாவில் தேடிய அறிஞர்களும் உண்டு. ஸ்ரீவிசயத்தை 1913-இல் கெர்ன் ஓர் அரசனின் பெயர் என்றே கொண்டார். அது சுமத்ராவில் இருந்த பேரரசு என்று 1918-இல் நிறுவியவர் ஜார்ஜ் செதேஸ்.

மலாய்க்காரர்களும் நம்மைச் சும்மா விடவில்லை. தென்னிந்தியர் அனைவருக்கும் அவர்கள் வைத்த பெயர் 'கெலிங்'. கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்; பெயர் ஒரிசாப் பக்கத்து நாட்டினுடையது! இன்று மலேசியாவில் அது வசைச்சொல் ஆகிவிட்டது. ஆனால் பினாங்கில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசலுக்கு இன்றும் பெயர் 'கப்பித்தான் கெலிங்'.