பத்திரிகையிலிருந்து உதிர்ந்த சொல்

அருப்புக்கோட்டையில் ஒரு ட்ரெடில் மிஷினை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் கல்யாணப் பத்திரிகை அடித்தவர் எங்கள் அப்பா. அடித்த ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை எடுத்துச் சணலில் கட்டிப் பரணில் போடுவார். வருகிறவர்களுக்கு மாதிரி காட்டத்தான். கட்டை அவிழ்த்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "மத்தவங்கல்லாம் எப்படிப் போடுறாங்க?"

அப்பா போன பிறகு அந்தக் கட்டுகளை வருஷவாரியாக அடுக்கினேன். 1950களில் மாப்பிள்ளை, சம்பந்தி, தாய்மாமன் என்று எல்லா ஆண்களின் பெயருக்குப் பின்னாலும் நாடார், தேவர், செட்டியார், பிள்ளை. 1970களில் ஒரே பத்திரிகையில் மூன்று தலைமுறை மூன்று விதம். தாத்தா பெயரில் சாதிப் பட்டம் அப்படியே இருக்கிறது. தகப்பனார் பெயர் மொட்டையாக நிற்கிறது. மாப்பிள்ளைக்குப் பட்டம் இருந்த இடத்தில் பி.காம். அடுத்த பத்து வருஷத்தில் தாத்தாவுக்கும் பட்டம் இல்லை.

இதற்கான பேச்சு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பெரியார் 'நாயக்கர்' என்பதை அதற்கு முன்பே விட்டிருந்தார். மாநாட்டுத் தலைவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் 'நாடார்' என்பதை விட்டார். எங்கள் ஊரையும் சேர்த்து ஆண்ட ராமநாதபுரம் ஜில்லா போர்டுக்குத் தலைவராக இருந்தவர் அவர். தாழ்த்தப்பட்டவர்களை ஏற்றாத பஸ்ஸின் லைசென்ஸ் போய்விடும் என்று உத்தரவு போட்டவரும் அவரே.

பட்டத்தை விட்டவர் அவர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஊரில் ஒரு ஏழை மட்டும் தனியாகப் பட்டத்தை விட்டால், "எதை மறைக்கிறான்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் பட்டத்தைச் சுமந்தார்கள். மறைக்க எதுவுமில்லாத பெரிய மனிதர் மேடையேறிச் சொல்லிவிட்டு விட்டால், அந்தக் கேள்வியின் பல் பிடுங்கப்பட்டுவிடும்.

இருந்தும் தீர்மானம் பத்திரிகைக்கு வந்துசேர நாற்பது வருஷம் பிடித்தது. ஏன் என்பதை அப்பாவின் கடையிலேயே பார்த்திருக்கிறேன். புரூப் பார்க்க வந்த ஒருவர் குரலைத் தாழ்த்தி, "என் பேருக்கு வேணாம்ணே. பெரியப்பா பேருக்கு மட்டும் போட்ருங்க, சங்கடப்படுவாரு" என்றார். இரண்டு நாள் கழித்து அந்தப் பெரியப்பாவே வந்தார். "பையன் ஆசைப்பட்டுப் போட்டிருக்கான் போல. எனக்கு அது இல்லாட்டியும் ஒண்ணுமில்ல" என்றார். அப்பா சிரிக்கவில்லை. கோத்த ஈய எழுத்தைப் பிரித்துக் கேஸில் போட்டார். ஒருவருக்காக மற்றவர் காப்பாற்றி வந்த பட்டம், இருவருக்குமே வேண்டாததாக இருந்தது.

எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில் 1928இல் புரோகிதர் இல்லாமல் நடந்த கல்யாணத்தைச் சுயமரியாதைத் திருமணங்களில் முதலாவது என்பார்கள். அப்படிப்பட்ட கல்யாணம் சட்டப்படி செல்ல, அண்ணா ஆட்சியில் 1967இல் திருத்தம் வர வேண்டியிருந்தது. பட்டத்தை விடுவதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கச் சொன்னபோது, அந்தத் தெருக்காரர்களில் பலர் தங்கள் பெயரிலிருந்து அதை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் பழக்கம் இருந்ததால், பின்னால் வெட்டியது குறையாகவும் தெரியவில்லை. கேரளத்திலும் ஆந்திரத்திலும் நாயரும் ரெட்டியும் இன்றும் பெயரோடு இருக்கிறார்கள்.

இதை வைத்துச் சாதி போய்விட்டது என்று சொன்னால் என் கட்டுகளே என்னைப் பார்த்துச் சிரிக்கும். பட்டம் இல்லாத பத்திரிகைகளிலும் மாப்பிள்ளையும் பெண்ணும் பெரும்பாலும் ஒரே சாதிதான். எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், கூச்சத்துக்காக விட்டோம். யாரும் பார்க்காத இடத்தில் விடவில்லை. இப்போது எங்கள் தெருமுனை பிளெக்ஸ் பேனர்களில் பட்டம் திரும்ப வருகிறது. பத்தாவது படிக்கிற பையன்களின் பெயருக்குப் பின்னால்கூட. கேட்டால், "எல்லாரும் போடுறாங்க" என்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை இருக்கும். எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் முதலில் பட்டம் காணாமல் போனது என்று தெரிந்தால், அவரைப் பற்றி உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.