கால் விறைப்பும் கழுத்து நெறியும்

ஹட்டன் பக்கத் தோட்டங்களில், "காலு ரெண்டும் மரத்துப்போகுது, குளிருதான்" என்று கொழுந்தெடுக்கும் அம்மாமார் சொல்வதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். கால் விறைப்புக்கு நீரிழிவே பொதுவான காரணம். மிக அரிதாக, காசில்மன் நோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

நிணநீர்க் கணுக்கள் வீங்கும் இந்நோயை 1950களில் அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் காசில்மன் விவரித்தார். சிலருக்கு இதனுடன் 'போயம்ஸ்' என்ற நரம்புப் பாதிப்பும் சேரும். விறைப்பு இரு பாதங்களிலும் தொடங்கி மேலேறும். பின்னர் கால்கள் பலமிழக்கும், வீங்கும், தோல் கறுக்கும். ஷெல் காயத்தால் வரும் விறைப்போ பெரும்பாலும் காயப்பட்ட நரம்பின் பகுதியோடு நின்றுவிடும்.

இரு கால்களும் விறைத்து, கழுத்திலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டியிருந்தால், இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையும், கணுவில் துண்டெடுத்துப் பார்க்கும் பரிசோதனையும் நோயைக் கண்டறிய உதவும். நேரத்தோடு கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு.