பண்ட்டியின் ஜாதகம்

தில்லியில் பாங்குரா என்றொரு உணவகம். ஒரு மாலை அங்கே வரும்படி எழுத்தாளர் மன்னு பண்டாரிக்கு நண்பர் ஒருவரிடமிருந்து தொலைபேசி வந்தது. அவசரம், இன்றைக்கே பேசியாக வேண்டும் என்றார். பிற்பாடு அந்த மாலையைப் பற்றி எழுதியபோது மன்னு அவருடைய பெயரைச் சொல்லவில்லை. ‘பி.’ என்ற ஓரெழுத்தோடு நிறுத்திக்கொண்டார்.

பி.யும் அவருடைய முதல் மனைவியும் பிரிந்துவிட்டவர்கள். மகன் தாயிடம் வளர்ந்துவந்தான். இப்போது அந்தத் தாய் மறுமணம் செய்துகொண்டார். புதிய குடும்பத்தில் பையன் வேண்டாதவனாக நிற்கக் கூடாது, ஆகவே அவனைத் தன்னிடமே அழைத்துக்கொள்ளப்போவதாக பி. சொன்னார். மகன் மேல் தனக்கு எவ்வளவு பாசம் என்பதை வெகுநேரம் பேசினார்.

அந்தப் பேச்சில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பாசம் உண்மைதான், கவலையும் உண்மைதான். ஆனாலும் நல்ல மனிதர் ஒருவர் தன் பிள்ளையைப் பற்றிப் பேசும்போதே, அவனை எந்த வீட்டில் வைப்பது என்பதுதான் பேச்சாகிவிடுகிறது. அம்மாவின் புதிய வீட்டில் அவன் வேண்டாதவன் என்றால், அப்பா இன்னொரு திருமணம் செய்துகொண்டு அமைத்திருக்கும் வீட்டில் மட்டும் வேண்டியவன் ஆகிவிடுவானா? மன்னு எழுதிய ‘ஆப்கா பண்ட்டி’ என்ற இந்தி நாவலின் கட்டுமானம் முழுவதும் இந்தக் கேள்வியின் மேல் நிற்கிறது. பண்ட்டி என்ற சிறுவனுக்கு முதல் பாதியில் அம்மாவின் வீடு, பிறகு அம்மாவின் கணவர் வீடு, பிறகு அப்பாவின் வீடு, கடைசியில் பள்ளி விடுதிக்குப் போகும் ரயில்.

நாவலுக்கு எழுதிய முன்னுரைக்கு மன்னு பண்டாரி வைத்த தலைப்பு ‘ஜன்மபத்ரீ’, அதாவது ஜாதகம். பண்ட்டி எப்போது, எங்கே, எந்த நேரத்தில் பிறந்தான் என்பதைச் சொல்லும் குறிப்பு அது. பாங்குராவின் அந்த மாலை அதில்தான் வருகிறது. ஒரு பையனிடமிருந்து தொடங்கிய எண்ணம் அவனோடு நிற்கவில்லை. அதன்பின் அவர் போன பல வீடுகளில் வேறு வேறு பெயர்களில், வேறு வேறு வயதில் பண்ட்டிகள் கண்ணில் பட்டார்கள். ஒரு குடும்பத்தின் துயரமாகத் தெரிந்தது, காலத்தின் பிரச்சினையாக மாறியது அப்படித்தான்.

காலம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்துத் திருமணச் சட்டம் 1955இல் வந்தது. சட்டப்படி மணமுறிவு என்பது பெரும்பாலான இந்துக் குடும்பங்களுக்கு அப்போதுதான் சாத்தியமானது. அடுத்த ஆண்டே வந்த இந்துச் சிறார் மற்றும் காப்பாளர் சட்டம் இன்னொன்றைச் சொன்னது: பிள்ளைக்கு இயற்கையான காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய், ஐந்து வயது நிறையாத குழந்தை மட்டும் சாதாரணமாகத் தாயிடம் இருக்கலாம். அந்த ‘அவருக்குப் பின்’ என்ற சொல்லைத் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருள்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1999 ஆனது. அந்த வழக்கைத் தொடுத்தவரும் ஒரு நாவலாசிரியர்தான், கோயம்புத்தூரில் பிறந்த கீதா ஹரிஹரன். மன்னு எழுத உட்கார்ந்த காலத்தில், பெரியவர்கள் பிரிவதற்கு வழி திறந்து பதினைந்து ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. அந்த வழியில் பெற்றோரோடு நடக்க வேண்டியிருந்த முதல் தலைமுறைப் பிள்ளைகளைப் பற்றி எழுதிக்காட்ட அதுவரை அதிகம் பேர் வந்திருக்கவில்லை.

எழுதியவர் யார்? 1931இல் மத்தியப் பிரதேசத்தின் பான்புராவில் பிறந்து அஜ்மீரில் வளர்ந்தவர். தந்தை ஆங்கில-இந்தி அகராதி தொகுத்த அறிஞர். கல்கத்தாவில் ஆசிரியையாக இருந்தபோது எழுத்தாளர் ராஜேந்திர யாதவைக் காதலித்து 1959இல் மணந்தார். 1964இல் தில்லி மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் இந்தி விரிவுரையாளர் ஆனார். இந்திச் சிறுகதையைக் கிராமத்திலிருந்தும் இலட்சியத்திலிருந்தும் நகரத்து நடுத்தர வீட்டின் அறைகளுக்குள் கொண்டுவந்த ‘புதிய கதை’ இயக்கத்தில் மோகன் ராகேஷ், கமலேஷ்வர், ராஜேந்திர யாதவ் மூவரின் பெயர்களை எல்லோரும் சொல்வார்கள். மன்னுவின் பெயரையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த மூவரும் கணவன் மனைவிக்கிடையே இருந்த வெற்றிடத்தை எழுதினார்கள். அந்த வெற்றிடத்தில் ஒரு குழந்தை நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தவர் இவர்.

அவருடைய சொந்தத் திருமண வாழ்வும் எளிதாக இருக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் சேர்ந்து வாழ்ந்த பிறகு இருவரும் பிரிந்தார்கள். அந்த வாழ்க்கையை 2007இல் வெளிவந்த ‘ஏக் கஹானி யஹ் பீ’ என்ற நினைவுநூலில் எழுதியிருக்கிறார். இதை வைத்து ‘ஆப்கா பண்ட்டி’யை அவருடைய சொந்தக் கதை என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது ஏற்புடையதல்ல. நாவல் எழுதிய காலத்தில் அவர் கணவரோடும் சிறு மகளோடும் ஒரே வீட்டில் இருந்தார். வீட்டு வேலைக்கும் கல்லூரி வேலைக்கும் நடுவே எழுத இடம் கிடைக்காததால், மிராண்டா ஹவுஸ் விடுதியில் ஓர் அறையில் போய்த் தங்கி எழுதினார். வேலைக்குப் போகும் தாய்க்குப் பிள்ளையிடமிருந்து கொஞ்ச நேரத்தை எடுத்துக்கொள்வதன் வலி தெரியும். நாவலில் வரும் அம்மா ஷகுனுக்கு அவர் கொடுத்தது அந்த அறிவைத்தான், தன் வாழ்க்கைச் சம்பவங்களை அல்ல.

ஷகுன் ஒரு கல்லூரி முதல்வர். கணவர் அஜய் கல்கத்தாவில் இருக்கிறார். எப்போதாவது ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வருவதில்லை, சர்க்யூட் ஹவுஸில் தங்கி மகனை அங்கே வரச்சொல்லிப் பார்க்கிறார். பண்ட்டி, அம்மா, ஃபூஃபி என்று அழைக்கப்படும் வயதான பணிப்பெண், வீட்டைச் சுற்றித் தோட்டம், ஒரு தோட்டக்காரர். இவ்வளவுதான் அவன் உலகம். வக்கீல் மாமா ஒருவர் கல்கத்தாவிலிருந்து வந்துபோவார், அவர் வந்துபோனால் அம்மாவின் முகம் மாறிவிடும்.

மன்னு எடுத்த முக்கியமான முடிவு கதையைப் பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயதுப் பையனின் கண்ணுயரத்திலிருந்து சொன்னது. காலையில் அம்மா கண்ணாடி முன் நின்று கல்லூரிக்குக் கிளம்புவதை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அலங்கார மேசையில் விதவிதமான சீசாக்கள். கிளம்பி முடித்ததும் அம்மா வேறு யாரோ ஆகிவிடுகிறாள், விறைப்பான, சிரிக்காத ஒருத்தி. அந்தச் சீசாக்களுக்குள் மந்திரம் இருக்கிறது என்று அவன் முடிவுகட்டுகிறான். ஃபூஃபி சொல்லும் ராணிக் கதைகளும் சூனியக்காரிக் கதைகளும் அவனுக்குத் துணைநிற்கின்றன. ‘விவாகரத்து’ என்ற வார்த்தையின் பொருள் தெரியாத பிள்ளைக்கு வீட்டில் நடப்பதை விளங்கிக்கொள்ள அந்தக் கதைகளைத் தவிர வேறு அகராதி இல்லை. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதில் பாதி அவன் காதில் விழுகிறது. மீதியை அவனே கட்டிக்கொள்கிறான். அப்படிக் கட்டியதில் தவறும் இருக்கும், அச்சமூட்டும் அளவுக்குச் சரியும் இருக்கும்.

இந்தக் கோணத்தால் இன்னொன்றும் நடந்தது. ஷகுன் டாக்டர் ஜோஷியை மணக்கும்போது நாம் பண்ட்டியோடு நின்று அவள்மேல் கோபப்படுகிறோம். அடுத்த பக்கத்திலேயே அவளுடைய தனிமையும் நமக்குத் தெரிகிறது. டாக்டர் நல்லவர். அவருடைய பிள்ளைகள் ஜோத், அமி இருவரும் பிள்ளைகள்தான். ஃபூஃபி மனம் பொறுக்காமல் ஹரித்வாருக்குப் போய்விடுகிறாள். அஜயின் இரண்டாவது மனைவி மீராவும் கொடுமைக்காரி அல்ல. யாரையும் கைநீட்டிக் குற்றம் சொல்ல முடியாதபடி எல்லோரையும் அவரவர் நியாயத்தோடு நிறுத்திவிட்டு, நடுவில் ஒரு பையனைத் தனியாக விடுகிறார் மன்னு. சித்தி கொடுமைக் கதைகளில் பழகிய வாசகருக்கு இது தாங்க முடியாத இடம். அழுது தீர்க்கலாம் என்றால் திட்டுவதற்கு ஆள் வேண்டுமே.

நூலாக 1971இல் வருவதற்கு முன், தர்மவீர் பாரதி ஆசிரியராக இருந்த ‘தர்மயுக்’ வார இதழில் இது தொடராக வந்தது. வார இதழில் தொடர்கதைக்காகக் காத்திருந்த பழக்கம் நம் வீடுகளுக்கும் தெரியும். பாத்திரங்கள் அடுத்த வீட்டு மனிதர்கள்போல் ஆகிவிடுவார்கள். வாசகர் கடிதங்கள் குவிந்தன. பெரும்பாலும் பண்ட்டிக்காகக் கண்ணீர் விட்ட கடிதங்கள்.

வேறொரு எழுத்தாளராக இருந்தால் அந்தக் கண்ணீரை வெற்றி என்று எடுத்துக்கொண்டிருப்பார். மன்னுவுக்கு அது கவலை தந்தது. இந்த நாவல் வெறும் இரக்கத்தையும் அழுகையையும் மட்டுமே எழுப்பியது என்றால், தான் எழுதிய கடிதம் சரியான முகவரிக்குப் போய்ச் சேரவில்லை என்றே கொள்வேன் என்று முன்னுரையில் சொல்கிறார். பண்ட்டியைப் பாவம் என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை மூடுவதை அவர் விரும்பவில்லை. இந்தப் பையன் எந்தச் சூழ்நிலையின் விளைவு, அதில் நம் பங்கு என்ன என்று வாசகர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். தலைப்பில் ‘உங்கள் பண்ட்டி’ என்று அவனை நம் பொறுப்பில் விட்டதும் அதற்காகத்தான்.

அந்தப் பிடிவாதம் எவ்வளவு ஆழமானது என்பது பிறகு நீதிமன்றத்தில் தெரிந்தது. நாவலின் திரைப்பட உரிமையை விற்றிருந்தார். ஷபானா ஆஸ்மி நடிக்க ‘ஸமய் கீ தாரா’ என்ற பெயரில் படம் உருவானது. தன் பாத்திரங்களைக் கொச்சைப்படுத்தி, முடிவையும் மாற்றிவிட்டார்கள் என்று மன்னு வழக்குப் போட்டார். தில்லி உயர் நீதிமன்றம் 1986இல் அளித்த தீர்ப்பு, பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவைத் தெளிவாக விளக்கியது: உரிமையைக் காசுக்கு விற்றுவிட்டாலும், படைப்பு சிதைக்கப்படும்போது தடுக்கும் தனி உரிமை ஆசிரியரிடமே இருக்கிறது. திரைக்குத் தேவையான மாற்றங்களைச் செய்யலாம், ஆனால் படைப்பின் அடிப்படையைத் திரிக்கக் கூடாது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் படைப்பாளியின் தார்மிக உரிமை என்ற பாடத்துக்கு வந்தால் மன்னு பண்டாரி வழக்கைத்தான் எடுத்துவைக்கிறார்கள்.

மன்னு பண்டாரி 2021 நவம்பர் 15 அன்று காலமானார். ‘ஆப்கா பண்ட்டி’ இந்தியில் அச்சில் இருந்துகொண்டே இருக்கிறது. ஜெய் ரதன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. கையில் எடுப்பவர்கள் முன்னுரையைத் தாண்டி நேராகக் கதைக்குள் போகலாம் என்பேன். பண்ட்டி முதலில் யாருடைய வீட்டுப் பையன் என்று தெரியாமல், உங்களுக்குத் தெரிந்த பையனாகவே நுழையட்டும். ரயில் கிளம்பிய பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி ஜாதகத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.