கூட்டும் கூட்டுறவும்: தோட்ட மக்கள் நிலம் வாங்கிய வரலாறு

மலேசியச் சட்டமொன்றின் ஆங்கிலப் பெயரில் ஒரு தமிழ்ச்சொல் நிலைத்திருக்கிறது. 1971ஆம் ஆண்டில் 'கூட்டு' நடத்துவதைத் தடைசெய்து இயற்றப்பட்ட சட்டமே அது. தனியொருவரால் இயலாத தொகையைப் பலர் மாதந்தோறும் இட்டுச் சேர்த்து, முறைவைத்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை நம் மக்கள் 'கூட்டு' என்றனர். நடத்துபவரின் நாணயம் ஒன்றையே நம்பி நின்றமையால், ஏமாற்றத்திற்கும் அதில் இடமிருந்தது.

இச்சட்டத்திற்கு முன்பே, பலர் சிறிது சிறிதாகச் சேர்க்கும் அதே பழக்கம் சட்டத்தின் காப்போடு வேறொரு வடிவத்தில் வெளிப்பட்டது. 1950களில் ஐரோப்பியர் பலர் தம் ரப்பர்த் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைச் சிறு கூறுகளாக்கி மறுபடியும் விற்றனர். இதனை மக்கள் 'துண்டாடல்' என்றனர். பால்மரத் தொழிலாளிக்கு வேலை, லயத்து வீடு, பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி, கோயில் ஆகிய யாவும் தோட்ட நிலத்தின்மீதே இருந்தன. ஆகவே, நிலம் துண்டானபோது வாழ்வும் துண்டானது.

இந்நிலையில், துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளித் தவணையில் செலுத்தலாம் என்பது ஏற்பாடு. அடுத்த ஆண்டிலேயே கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று.

இங்கே மாணவர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கூட்டில் பணம் இட்டவர், தம் முறை வந்ததும் அதனைத் தாமே எடுத்துக்கொள்வார். சங்கத்தில் இட்டவரின் பணமோ, அவர் கண்டிராத ஊரில் அவர் அறியாத குடும்பங்களின் வீட்டைக் காக்கக்கூடும். அவர் வாழ்ந்த தோட்டம் துண்டாடப்படவும் கூடும். எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் காக்க இயலவில்லை என்பதும் வரலாறே. எனினும், பிறருக்காகவும் இடுகிறோம் என்னும் தெளிவே கூட்டினைக் கூட்டுறவாக்கியது. 'கூட்டு' என்பதோடு 'உறவு' சேர்ந்த சொல்லன்றோ அது!

இவ்வரலாற்றின் சான்றுகள் நம் வீடுகளிலும் இருக்கக்கூடும். ஆசிரியர்கள் மாணவர்களை அவர்தம் பாட்டன் பாட்டியரிடம் அனுப்புதல் வேண்டும். பழைய பங்குச் சான்றிதழ்களோடு, துண்டாடற் காலத்தில் வழங்கிய சொற்களையும் அவர்கள் கேட்டுக் குறித்து வரட்டும். அவற்றை நினைவிற்கொண்ட முதியோர் இன்றும் நம்மிடையே சிலர் உளர்.