ஒரேயொரு பிரதி: சித்திரக் கண்காட்சியும் கையெழுத்துப் பத்திரிகையும்

ஒரு பாடசாலையின் வரலாற்றைத் தேடும்போது முதலில் கைக்கு வருபவை அதிபரின் சம்பவத்திரட்டுப் புத்தகம், பரிசளிப்பு விழா அறிக்கைகள், அச்சிட்ட சஞ்சிகைகள் ஆகியன. இவற்றில் பாடசாலை பேசுகிறது. மாணவியின் குரல் குறைவு. அவள் தன் கருத்தைத் தன் கையாலேயே எழுதிவைத்த இடம் கையெழுத்துப் பத்திரிகை. அதிலும் சித்திரக் கண்காட்சிகளையொட்டி எழுதப்பட்ட இதழ்களுக்குத் தனிப் பெறுமதி உண்டு.

இலங்கையில் தமிழ்ப் பத்திரிகை அச்சேறியது 1841இல், 'உதயதாரகை' மூலம். பெண்களுக்கென மங்களம்மாள் மாசிலாமணி 'தமிழ்மகள்' இதழைத் தொடங்கியது 1923இல். ஆனால் அச்சகமும் அதற்கான பணமும் எல்லோருக்கும் எட்டியதில்லை. யாழ்ப்பாணத்து இளம் எழுத்தாளர்கள் 1943இல் மறுமலர்ச்சிச் சங்கம் அமைத்தபோதுகூட முதலில் கையெழுத்து இதழே நடத்தினர். 'மறுமலர்ச்சி' அச்சில் வந்தது 1946இல். பெரியவர்கள் நிலையே அதுவென்றால், பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பியும் பேனையும்தான் அச்சகம்.

சித்திர பாடமும் அக்காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. முன்பு மாதிரியைப் பார்த்து அப்படியே வரைவதே சித்திரம். 1920களில் அரசாங்கச் சித்திரப் பரிசோதகராக இருந்த சி. எஃப். வின்சரும், அவர் வழிவந்த டபிள்யூ. ஜே. ஜி. பீலிங்கும் பிள்ளை தான் கண்டதைத் தன் போக்கில் வரைய இடங்கொடுக்க முயன்றனர். பீலிங் 1943இல் உருவான '43 குழு' ஓவியர்களில் ஒருவர். அந்தப் போக்கு பாடசாலைகளில் ஊறிய பின்னர் கண்காட்சிச் சுவர்களில் பிள்ளைகளின் சொந்த ஊர்கள் தோன்றின. எங்கள் பகுதியில் படுவான்கரைப் பிள்ளைக்கு வயலும் வாடியும் கண்ணகி அம்மன் சடங்கும்; எழுவான்கரைப் பிள்ளைக்குக் கடலும் தோணியும் கல்லடிப் பாலமும்.

கண்காட்சி முடிந்ததும் படங்கள் கழற்றப்படும். அதனால்தான் பத்திரிகை தேவைப்பட்டது. அதைத் தயாரித்தவர்களுக்கு வேலை நினைவிருக்கும். டிமைத் தாளை மடித்துப் பென்சிலால் பத்திகளுக்குக் கோடிட வேண்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் எத்தனை வரி என்று முன்பே எண்ண வேண்டும். திருத்தமெல்லாம் கரட்டுத் தாளில் முடிந்த பின்னரே, கையெழுத்து அழகாயுள்ள மூன்று நான்கு பேரிடம் நல்ல பிரதி போகும். கடைசி வரியில் மை சிந்தினால் முழுத் தாளையும் மீண்டும் எழுத வேண்டும். சுவரிலுள்ள படத்தைச் சிறிதாகப் பார்த்து வரைய ஒருத்தி வேண்டும். மட்டை போட்டு நூலால் தைத்து, வாசகர் கருத்துக்காகக் கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டால் இதழ் ஆயத்தம்.

உள்ளே எழுதுவதுதான் கடினம். வரைந்தவளும் விமர்சிப்பவளும் ஒரே வகுப்பில், சிலவேளை ஒரே வாங்கில் இருப்பவர்கள். "மிக நன்று" என்று எழுதினால் பத்திரிகை சப்பென்றிருக்கும். குறை சொன்னால் மறுநாள் முகம் பார்க்க வேண்டும். ஆகவே தோணியின் நிழல் நீரில் ஏன் பொருந்தவில்லை, சடங்குக் கூட்டத்தில் முகங்கள் ஏன் ஒன்றுபோல் இருக்கின்றன என்று காரணத்தோடு, தன் பெயரிட்டு எழுதப் பழகினார்கள். பொறுப்போடு அபிப்பிராயம் சொல்லும் இந்தப் பயிற்சி எந்தப் பரீட்சைக்கும் பாடமாக இருந்ததில்லை.

இத்தகைய தாள்களின் பெறுமதியை உலகம் வேறோர் இடத்தில் கண்டது. நாசிகளின் தெரேசின் முகாமில் அடைபட்ட யூதச் சிறுவர்கள் 1942 முதல் 1944 வரை 'வேதெம்' என்ற வார இதழை நடத்தினர். ஒரே பிரதி, வெள்ளிக்கிழமை மாலையில் உரத்து வாசிப்பார்கள். ஆசிரியராயிருந்த பேட்ர் கின்ஸ் கொல்லப்பட்டான். ஒரு சிறுவன் ஒளித்துவைத்ததால் ஏறத்தாழ 800 பக்கங்கள் மிஞ்சின. அதே முகாமில் ஃப்ரீடில் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியை பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்தார். இரண்டு சூட்கேசுகளில் காக்கப்பட்ட சுமார் 4,500 படங்கள் இன்றும் உள்ளன.

எங்கள் பகுதியின் தாள்களுக்கு அந்த அதிர்ஷ்டம் அரிது. 1978 நவம்பர் 23 சூறாவளி பாடசாலைக் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. பின்னர் யுத்தமும் இடப்பெயர்வும். 2004 டிசம்பர் 26இல் கடலே வந்தது. அச்சுச் சஞ்சிகை என்றால் யாரோ ஒருவர் வீட்டில் இன்னொரு பிரதி கிடக்கும். கையெழுத்து இதழுக்கு இன்னொரு பிரதி கிடையாது.

ஆகவே, கொழும்பிலோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் சகோதரிகளே, பழைய பெட்டிகளை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு தாள் கிடைத்தாலும் லமினேற் செய்யாதீர்கள்; செலோரேப் ஒட்டாதீர்கள். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இன்றி ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். யார் எழுதியது, யார் வரைந்தது, எந்த ஆண்டு என்பதை வேறொரு தாளில் குறித்து வையுங்கள். மூலப்பிரதி பாடசாலை நூலகத்துக்கு வரட்டும். 2005 முதல் ஈழத்து எழுத்துகளை இணையத்தில் பேணிவரும் நூலகம் திட்டத்துக்கு அதன் மின்பிரதி போகட்டும். தாள் இல்லாதவர்கள் நினைவை எழுதி அனுப்பலாம். அதற்கும் அடுத்த நூற்றாண்டு வரை காத்திருக்க முடியாது.