குருதி உரைத்த விடை

மனிதன் ஒன்றை எண்ணும்போது அவன் மூளையில் நிகழ்வது யாது? எண்ணத்தைக் கண்ணால் காண இயலாது. ஆயினும், எண்ணம் எழும் இடத்தை நோக்கிக் குருதி பாய்வதைக் காணலாமன்றோ? இவ்வொரு கருத்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பலர் கைகளில் வளர்ந்து, பேச்சிழந்த மனிதர் சிலருக்கு விடைகூறும் வழியாக அமைந்தது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

இத்தாலி நாட்டு டூரின் நகரில் ஆஞ்சலோ மோஸ்ஸோ என்னும் உடலியல் அறிஞர் 1880-களில் விந்தையானதொரு தராசை அமைத்தார். ஒருவர் நீட்டிப் படுக்கத்தக்க பலகை அது. நடுவில் தாங்கப்பெற்று இருபுறமும் சமனாக நிற்கும். படுத்திருப்பவர் ஊன்றிச் சிந்தித்தால், தலைப்பக்கம் சற்றே தாழ்வதாக அவர் குறித்தார். 1890-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சார்லஸ் ராய், சார்லஸ் ஷெரிங்டன் ஆகிய இருவரும் விலங்குகளில் ஆராய்ந்து, மூளை தன் ஒவ்வொரு பகுதியின் உழைப்புக்கேற்பக் குருதி வரவைத் தானே மிகுத்துக்கொள்ள வல்லது என எழுதினர்.

அடுத்த படி, மூளையை ஆராயாத இருவரிடமிருந்து வந்தது. 1936-இல் கலிபோர்னியாவில் லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியல் என்னும் வேதியியலார், குருதியின் செந்நிறப் பொருளாகிய ஹீமோகுளோபினைக் காந்தத்தின் முன் வைத்து ஆய்ந்தனர். பிராணவாயுவை ஏந்திய ஹீமோகுளோபினைக் காந்தம் ஈர்க்கவில்லை. அதனை இழந்ததையோ மெல்ல ஈர்த்தது. இதனால் மருத்துவத்திற்கு என்ன பயன் விளையுமென அன்று எவரும் அறிந்திலர்.

பயன் அரை நூற்றாண்டு கழித்து விளைந்தது. உடலின் உட்புறத்தைக் காந்தத்தின் துணையால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. முறை 1970-களில் உருவாயிற்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜப்பானிய அறிஞர் சேஜி ஓகாவா, 1990-இல் எலிகளின் மூளையை அவ்வாறு படமெடுத்தபோது, பிராணவாயு குறைந்த குருதி ஓடும் நாளங்கள் கருங்கோடுகளாகத் தோன்றக் கண்டார். உழைக்கும் பகுதிக்குப் புதுக்குருதி தேவைக்கு மேலாகவே பாய்வதால், அவ்விடம் படத்தில் சற்றே ஒளிர்கிறது. 1992-இல் மனித மூளையிலும் இது மெய்ப்பிக்கப்பட்டது. மண்டையைத் திறவாமல், ஊசி மருந்தொன்றும் செலுத்தாமல் மூளையின் உழைப்பைக் காணும் வழி கிட்டியது.

2005-இல் இங்கிலாந்தில் 23 வயதுப் பெண்ணொருத்தி சாலை விபத்தில் மூளை சிதைவுற்றாள். கண்கள் திறந்து மூடின. உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்தன. அழைத்தால் மட்டும் விடையில்லை. அவளுக்கு உணர்வில்லை என்பதே மருத்துவரின் கணிப்பு. ஐந்து திங்கள் கழித்து, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நரம்பியல் அறிஞர் ஏட்ரியன் ஓவனும் துணைவரும் அவளை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் கிடத்தி, "டென்னிஸ் ஆடுவதாக எண்ணுக" என்றனர். பின்னர், "உன் வீட்டின் அறைதோறும் நடந்து செல்வதாக எண்ணுக" என்றனர். முன்னதற்கு உடலசைவைத் திட்டமிடும் பகுதியும், பின்னதற்கு இடமறியும் பகுதிகளும் ஒளிர்ந்தன. நலமுள்ளோர் மூளையில் தோன்றிய அதே வடிவங்கள் அவை. அவள் கேட்டாள், பொருளுணர்ந்தாள், சொன்னபடி செய்தாள். இம்முடிவு 2006-இல் வெளியாயிற்று.

2010-இல் கேம்பிரிட்ஜ், லியேஜ் நகரங்களில் 54 நோயாளரை ஆய்ந்ததில் ஐவர் இவ்வாறு இணங்கினர். அவருள் ஒருவர், ஆம் என்பதற்கு ஒரு கற்பனையும் இல்லை என்பதற்கு மற்றொன்றுமாகக் கொண்டு, தம் குடும்பம் பற்றிய வினாக்களுக்கு விடையளித்தார். 2024-இல் வெளியான பல நாட்டு ஆய்வொன்றில், ஏவலுக்கு வெளிப்படையாக இணங்காத 241 பேருள் 60 பேரிடம் இத்தகைய மறைந்த அறிவு காணப்பட்டது. அங்கு மூளையின் மின்னலைப் பதிவும் துணைபுரிந்தது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். கருவியில் ஒளி தோன்றினால் உள்ளே அறிவு உண்டெனத் துணியலாம். தோன்றாமை அறிவின்மைக்குச் சான்றாகாது. வெளிப்படையாக இணங்க வல்லவர் பலரிடமும் கருவி ஒன்றும் காணாது போனதை அதே ஆய்வு காட்டியது.

வேற்றுமொழி வழங்கும் ஊரில் புதிதாய்க் குடியேறியவர் வாய் திறவாதிருப்பது கொண்டு அவரை அறியாதவரெனக் கணிப்பது தவறென்பதை நாம் நன்கறிவோம். நோய்ப்படுக்கையில் அசைவற்றுக் கிடப்போருக்கும் அந்நீதி பொருந்தும். அவர் அருகே நின்று பேசுவோர், அவர் செவியில் விழுகிறதென்றே கருதிப் பேசுதல் முறையாகும்.